கனடாப் புல்வெளியின் பழைய நிழற்படங்களும் அவற்றின் குறிப்புரைகளும்

பழம்பாட்டொன்றைப் பயில்வார் பாட்டை மட்டும் பயில்வதில்லை. அதன் அடியிற் கிடக்கும் கொளுவையும் உடன்வைத்தே பயில்வர். கொளு, பாட்டைப் பாடிய புலவர் எழுதியதன்று. பின்வந்த தொகுத்தோர் வரைந்தது என்பர். ஆதலின் அது வழிகாட்டுவதும் உண்டு. வழிபிறழச் செய்வதும் உண்டு. ஆவணக் காப்பகங்களில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள பழைய நிழற்படங்களை நோக்கும்போதும் இவ்வுண்மையை யாம் மறத்தலாகாது. படத்தை ஒருவர் எடுத்தார். அதன் அடியிற் குறிப்புரையை மற்றொருவர் எழுதினார். அதனை அட்டவணையில் ஏற்றினவர் வேறொருவர். படத்துள் நின்றவரோ இவருள் ஒருவருமல்லர். கனடா நாட்டுப் புல்வெளி மாகாணங்களின் ஊர் வாழ்க்கையையும் படை வாழ்க்கையையும் காட்டும் நிழற்படங்கள் சிலவற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மானிட்டோபா, சஸ்காச்செவன், ஆல்பர்ட்டா என்னும் மூன்று மாகாணங்களையே புல்வெளி மாகாணங்கள் என வழங்குவர். இவற்றுள் மானிட்டோபா 1870ஆம் ஆண்டிலும், ஏனை இரண்டும் 1905ஆம் ஆண்டிலும் மாகாணங்களாயின. கிரீ, கரும்பாதர், சால்ட்டோ, அசினிபாயின் முதலிய தொல்குடியினரும், ஐரோப்பியத் தந்தையர்க்கும் தொல்குடித் தாயர்க்கும் பிறந்து தனியினமாய் வளர்ந்த மெட்டி மக்களும் வாழ்ந்த நிலம் இது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் 160 ஏக்கர் நிலத்தைப் பத்து டாலர் கட்டணத்திற்குக் குடியேறுவார்க்கு வழங்கியது. அதன்பின் ஒரு தலைமுறைக் காலத்துள் அந்நிலத்தின் தோற்றமே மாறிவிட்டது. அம்மாற்றம் முழுவதும் காமிராவின் கண்முன்னே நிகழ்ந்தது என்பது இந்நாட்டு வரலாற்றின் தனித்தன்மை எனலாம். வேறு பல நாடுகளிற் குடியேற்றம் முடிந்து நெடுநாள் சென்ற பின்னரே காமிரா வந்தது. ஈண்டு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக வந்தன.

முதலில் வந்தவர் ஹைம் என்பார். 1858ஆம் ஆண்டில் ஹிண்ட் என்னும் பேராசிரியர் தலைமையில் அசினிபாயின், சஸ்காச்செவன் ஆற்றுப் பகுதிகளை ஆராயச் சென்ற குழுவினருடன் இவர் நிழற்படம் எடுப்பவராகச் சென்றார். அக்காலத்தில் வழங்கியது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குமுன் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துட் கொண்டுசென்று கழுவுதல் வேண்டும். ஓடுவனவும் பறப்பனவும் அதன்கண் அகப்படா. ஆகவே ஹைம் எடுத்தவை கட்டடங்கள், கூடாரங்கள், அசையாது நின்ற மனிதர்கள், வெறுநிலம் ஆகியவையே. அவற்றுள் முப்பது படங்கள் 1860ஆம் ஆண்டில் இலண்டனில் தொகுதியாக வெளிவந்தன.

மேற்கு நோக்கிய புல்வெளி என்னும் தலைப்புடைய அவர்தம் படம் மிகப் பெயர் பெற்றது. கீழே நிலம், மேலே வானம், இடையே ஒரு கோடு, அவ்வளவே. ஆனால் முன்னிலையில் மனிதத் தலையோடு ஒன்றும் எலும்பு ஒன்றும் கிடக்கின்றன. அவை அவ்விடத்தில் இயல்பாகக் கிடந்தன அல்ல. படத்திற்கென எடுத்து வைக்கப்பட்டவை என ஆய்வாளர் பலர் கருதுவர். அக்கருத்தே பொருத்தமுடையதென யாமும் எண்ணுகின்றோம். வெறுவெளியில் நோக்குவார் கண் தங்குவதற்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது போலும். ஆயின் அப்பொருளாக வந்தது யாரோ ஒருவருடைய தலையோடு! இத்தொகுதியிலேயே தொல்குடி மரபும் ஐரோப்பிய மரபும் கலந்த மாந்தரின் உருவப்படங்களும் உள. ஒரு மங்கைக்குச் சூசன் என்னும் பெயர் மட்டும் தரப்பட்டது. எந்தக் குருதியும் எந்தக் குருதியும் கலந்தவர் என்னும் விவரம் பெயரையொட்டியே எழுதப்பட்டது. பெயர் பாதி, வகை முழுவதும் என்னும் இவ்வழக்கம் பின்வந்த நூறாண்டுக் குறிப்புரைகளிலும் தொடர்ந்து வருதலைக் காணலாம்.

இனி, 1885ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை நோக்குவாம். மெட்டி மக்களும் கிரீ மக்களுட் சிலரும் தம் நிலவுரிமை கருதி அரசினை எதிர்த்து எழுந்த ஆண்டு அது. மார்ச்சு 26ஆம் நாள் டக் லேக்கில் தொடங்கிய போர், ஏப்பிரல் 24ஆம் நாள் ஃபிஷ் கிரீக்கிலும், மே 2ஆம் நாள் கட் நைப்பிலும் நிகழ்ந்து, மே 9 முதல் 12 வரை பட்டோஷில் நடந்த சண்டையோடு மெட்டியரின் தோல்வியில் முடிந்தது. அரசுப் படையில் பீரங்கிப் பிரிவு ஒன்றின் தலைவராக வந்த காப்டன் ஜேம்ஸ் பீட்டர்ஸ் என்பவர் கையிற் பிடித்து எடுக்கத்தக்க ஒரு சிறு காமிராவையும் உடன்கொண்டு வந்தார். ஈரத்தகட்டின் இடத்தை உலர்தகடு பெற்றுவிட்ட காலமாதலின் இஃது இயன்றது. குண்டுகள் பாயும் போர்க்களத்தின் நடுவே எடுக்கப்பட்ட முதற்படங்களுள் இவை அடங்கும் என்பர்.

கிரிமியப் போரிலும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் எடுக்கப்பட்ட புகழ்மிக்க படங்கள் சண்டைக்கு முன்னரோ பின்னரோ எடுக்கப்பட்டவை. பீட்டர்சின் படங்களோ சண்டையின் ஊடே எடுக்கப்பட்டவை. ஆனால் அவற்றைக் காண்பார் சிறிது ஏமாற்றமே அடைவர். பல படங்கள் மங்கலானவை; சாய்ந்த கோட்டில் அமைந்தவை. எதிர்த்து நின்ற மெட்டியர் பள்ளத்தாக்கிலும் தாம் வெட்டிய குழிகளிலும் மறைந்திருந்து சுட்டனர். ஆதலின் போரில் ஒரு பக்கத்தார் பெரும்பாலும் படத்தில் இல்லை. இவ்வின்மையை யாம் குறையாகக் கொள்ளோம். போர் செய்தவன் கண்ணுக்குப் போர் எங்ஙனம் தோன்றிற்று என்பதை இம்மங்கல் படங்கள் உண்மையாகவே உரைக்கின்றன. ஃபிஷ் கிரீக்கில் போர்செய்த வின்னிப்பெக் துப்பாக்கிப் படையினரின் கரும்பச்சைச் சீருடை கறுப்பாகத் தோன்றியமையின், அவர்களை எதிரிகள் சிறு கரும்பேய்கள் என அழைத்தனர் என்றும், அப்பெயரையே அப்படை பெருமையாக ஏற்றுக்கொண்டது என்றும் கூறுவர். மறைந்திருந்தோர் கண்ட காட்சியைப் படம் காட்டாவிடினும், அச்சொல்லாவது எஞ்சியது.

மெட்டியர் தலைவர் லூயி ரியெல் மே 15ஆம் நாள் தாமே வந்து சரணடைந்தார். தளபதி மிடில்டனின் பாசறையிற் கைதியாக அவர் நிற்கும் படத்தையும் பீட்டர்சே எடுத்தார். கூடாரத்தருகே நிற்கும் அம்மனிதர் தோற்றத்தில் அரசு அஞ்சிய கலகக்காரர் எவரும் இலர். களைத்த ஒருவரே உளர். பின்னர் ரெஜைனாவில் நிகழ்ந்த வழக்கினைப் புவெல் என்பவர் படமெடுத்தார். ஆறு நடுவர் கொண்ட குழுவின் முன்னே ரியெல் எழுந்து நின்று பேசும் காட்சி அவற்றுள் ஒன்று. 1885 நவம்பர் 16ஆம் நாள் ரியெல் தூக்கிலிடப்பட்டார். அதற்கு ஒன்பது நாள் முன்னர், நவம்பர் 7ஆம் நாள், கனடியப் பசிபிக் இருப்புப்பாதையின் இறுதி ஆணி அறையப்பட்டது. அதனைக் காட்டும் படமே கனடா நாட்டுப் பள்ளிப் புத்தகங்களில் மிகுதியாக இடம்பெற்ற படம். படையினரை மேற்கே விரைந்து கொண்டுவந்ததும் அப்பாதையே என்பதை அப்படம் கூறாது.

அவ்வாண்டிற் சிறைப்பட்ட கிரீத் தலைவர் இருவரின் படங்களை அடுத்தடுத்து வைத்து நோக்குதல் நலம். ஒருவர் பவுண்டுமேக்கர், கிரீ மொழியிற் பிட்டிகுவாஹனபிவியின். மற்றவர் பிக் பேர் என ஆங்கிலத்தார் அழைத்த மிஸ்தஹிமஸ்குவா. இருவரும் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்று ஸ்டோனி மவுண்டன் சிறைக்கு அனுப்பப்பட்டனர். பவுண்டுமேக்கரை மகனாக ஏற்றுக்கொண்டிருந்த கரும்பாதர் தலைவர் குரோபுட்டின் பொருட்டு அவர் கூந்தல் வெட்டப்படாமல் விடப்பட்டது. மிஸ்தஹிமஸ்குவாவுக்கு அவ்வாறு பரிந்து பேசுவார் இல்லை. சிறையில் எடுக்கப்பட்ட அவர் படம் தலைமயிர் குறைக்கப்பட்ட ஒரு முதியவரைக் காட்டுகின்றது. பவுண்டுமேக்கர் விடுதலை பெற்ற சில திங்களில், 1886ஆம் ஆண்டிலேயே, குரோபுட்டின் இருப்பிடத்தில் உயிர்நீத்தார். மற்றவர் 1888ஆம் ஆண்டில் மறைந்தார். பவுண்டுமேக்கர் குற்றமற்றவர் எனக் கனடாப் பிரதமர் நேரிற் சென்று அறிவித்தது 2019ஆம் ஆண்டு மே மாதத்தில். இடையே 134 ஆண்டுகள் கழிந்தன.

கூந்தலைப் பற்றி ஈண்டு விரித்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. இந்தியர் விவகாரத் துறையின் 1896ஆம் ஆண்டிற்குரிய அறிக்கையில் ஒரு சிறுவனின் இரு படங்கள் வெளியிடப்பட்டன. ரெஜைனாத் தொழிற்பள்ளியிற் சேர்வதற்கு முன் ஒன்று. சேர்ந்த பின் ஒன்று என்பது குறிப்புரை. சிறுவன் பெயர் தாமஸ் மூர் எனத் தரப்பட்டது. மஸ்கோபெட்டங் குடியைச் சார்ந்த தாமஸ் மூர் கீசிக் என்பதே முழுப்பெயர் எனப் பின்னர் தெரிந்தது. முதற்படத்தில் நீண்ட சடையும் மணிவேலை செய்த உடையும் உடையவனாய்க் கையிற் சிறு துப்பாக்கியோடு நிற்கின்றான். இரண்டாம் படத்தில் மயிர் குறைக்கப்பட்டு, படைச்சீருடை போன்ற பள்ளியுடை அணிந்து, செடிச்சட்டி வைத்த திண்டின்மேற் சாய்ந்து நிற்கின்றான்.

இவ்விரு படங்களும் கூறுவதாக அறிக்கையாளர் கருதிய பொருள் தெளிவு. ஆனால் படங்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். இரண்டும் நிழற்பட நிலையத்துள் திரைச்சீலையின் முன் எடுக்கப்பட்டவை. முதற்படம் அவன் தன் தாய்தந்தையருடன் தன் ஊரில் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டுவதன்று; பள்ளியார் மனத்தில் இருந்த ஒரு தோற்றத்தைக் காட்டுவது. பள்ளிக்கு வரும் சிறுவன் கையிலே துப்பாக்கியை வைத்தவர் யார் என்னும் வினாவே போதும், குறிப்புரையின் நேர்மையை அளப்பதற்கு. பின் என்னும் படம் எவ்வளவு ஒப்பனையோ, முன் என்னும் படமும் அவ்வளவு ஒப்பனையே என்க. 1891 முதல் 1910 வரை நடந்த அப்பள்ளியின் இடுகாட்டில் பெயர்க்குறியின்றிக் கிடந்த குழிகள் பிற்காலத்தில் நிலத்தை ஊடுருவி நோக்கும் கருவிகளால் கண்டறியப்பட்டன. அறிக்கையில் இடம்பெறாத மூன்றாம் படம் அதுவே.

குடியேறியவர் படங்களுக்கு வருவாம். இவற்றுட் பெரும்பகுதி மக்களை அழைக்கும் நோக்குடன் எடுக்கப்பட்டவை. இருப்புப்பாதைக் கம்பெனியும் அரசும் கோதுமை வயல்களையும் வைக்கோற் போர்களையும் படமெடுத்து மாய விளக்கின் வழியே இங்கிலாந்து ஊர்களிற் காட்டின. ஆறு திங்கள் பனி மூடும் நாட்டின் படங்களில் எப்பொழுதும் கோடையே! இதனைப் பொய் என்று கூறுதல் மிகை. விளம்பரம் என்பதே சாலும்.

ஆயின் அவ்வரிசையில் அடங்காத படம் ஒன்றுண்டு. 1899ஆம் ஆண்டில் தண்டர் ஹில் குடியிருப்பில் டுகபோர் பெண்டிர் இருவர் இருவராக அணிவகுத்துக் கயிறு பற்றி ஏரிழுக்கும் படம் அது. உருசிய நாட்டிலே படைப்பணியை மறுத்து, 1895ஆம் ஆண்டில் தம் படைக்கலங்களைக் குவித்துத் தீயிட்டு, அதனால் பெருந்துன்பம் உற்றவர் டுகபோர் மக்கள். டால்ஸ்டாய் தம் நூல் வருவாயை ஈந்து உதவ, ஏறத்தாழ 7,500 பேர் 1899ஆம் ஆண்டிற் கனடாவிற் குடியேறினர். படைப்பணியிலிருந்து அவர்களுக்கு விலக்கு அளிப்பதாக அரசு முன்னரே உறுதி கூறியிருந்தது.

ஏரிழுக்கும் படம் வெளிவந்ததும், உள்நாட்டு அமைச்சர் சிப்டனின் குடியேற்றக் கொள்கையை வெறுத்தோர்க்கு அது நல்லதொரு கருவியாயிற்று. பெண்களை மாடுகளாகப் பூட்டும் மக்களையா நாட்டினுள் விட்டீர் என்று கேட்டனர். நடந்தது வேறு. ஆடவர் கூலிப்பணம் ஈட்டும் பொருட்டு இருப்புப்பாதை வேலைக்குத் தொலைவிற் சென்றிருந்தனர். குதிரைகளும் எருதுகளும் மிகச் சிலவே இருந்தன. அவையும் மரங்களைச் சுமக்கத் தேவைப்பட்டன. விதைக்கும் பருவமோ குறுகியது. அடுத்த பனிக்காலத்திற் பசியால் மடியாதிருக்க வேண்டுமாயின் யாரேனும் ஏரிழுத்தல் வேண்டும். பெண்டிர் தாமே முன்வந்து இழுத்தனர். கொடுமைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட படம் உண்மையில் ஓர் ஊரின் துணிவிற்குச் சான்று. அரசுக்கு உறுதிமொழி கூற மறுத்தமையால் 1907ஆம் ஆண்டில் அவர்தம் நிலங்களுட் பெரும்பகுதி பறிக்கப்பட்டது. மிகுதியானோர் அதன்பின் பிரிட்டிஷ் கொலம்பியாவிற்குப் பெயர்ந்தனர். அவர் ஏரோட்டிய நிலத்தில் வேறு மக்கள் குடியேறினர்.

முதல் உலகப்போர் வந்தபோது உக்ரேனிய உழவர்க்கு இதனினும் கொடிய நிலை நேர்ந்தது. ஆட்டுத்தோற் போர்வையுடன் வந்திறங்கியபொழுது நாட்டின் செல்வம் எனப் படமெடுக்கப்பட்டவர், ஆஸ்திரியப் பேரரசின் குடிகளாயிருந்தமையின் 1914ஆம் ஆண்டில் பகைநாட்டார் ஆயினர். 1914 முதல் 1920 வரை 8,579 பேர் காவல் முகாம்களில் அடைக்கப்பட்டனர்; அவருட் பெரும்பாலார் உக்ரேனியர். பிராண்டன், லெத்பிரிட்ஜ் ஆகிய புல்வெளி ஊர்களிலும், காசில் மவுண்டன் என்னும் மலையடியிலும் அம்முகாம்கள் இருந்தன. முள்வேலியும் கூடாரமும் காட்டும் அப்படங்கள் நெடுங்காலம் எவராலும் வேண்டப்படாது கிடந்தன.

போர்க்காலப் பாசறைகளுள் மானிட்டோபாவின் ஹியூஸ் பாசறை தனித்து நோக்கத்தக்கது. 1909ஆம் ஆண்டிற் சூவெல் பாசறை எனத் தொடங்கி, 1915ஆம் ஆண்டிற் படைத்துறை அமைச்சர் பெயரால் ஹியூஸ் எனப் பெயர் மாறியது. 1916ஆம் ஆண்டில் 27,754 வீரர் ஆங்குப் பயின்றனர். வின்னிப்பெக் ஒழிய அம்மாகாணத்தில் அத்துணை மக்கள் கூடிய இடம் அவ்வாண்டில் வேறில்லை. பிரான்சு நாட்டு அகழிகளைப் போலவே ஈண்டும் அகழிகள் வெட்டிப் பயிற்சியளித்தனர். அவ்வகழிகளின் தடம் புல்மூடி இன்றும் உளது. பாசறைக்கு ஒரு கடைத்தெருவும் இருந்தது. நிழற்பட நிலையங்களும் அத்தெருவில் இருந்தன என்பது எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி.

ஏனெனில் படைவீரர் படங்கள் இரு வகையின. ஒன்று, நிலையத்தில் ஒருவனாக நின்று எடுத்துக்கொண்டது. அஞ்சலட்டைத் தாளிலேயே அச்சிடப்பட்டு வீட்டிற்கு அனுப்பப்பட்டது. அதன் பின்புறத்தில் வீரன் தன் கையாலேயே எழுதினான், குறிப்புரை அவனுடையது. மற்றொன்று, பட்டாளம் முழுவதையும் ஒரே நீண்ட தாளில் காட்டுவது. காமிரா தன் கால்மேல் மெல்லச் சுழல, படலம் உள்ளே அதற்கேற்ப நகரும். வீரரை நேர்கோட்டில் நிறுத்தினால் நடுவிலுள்ளோர் பெரியராகவும் ஓரத்தோர் சிறியராகவும் தோன்றுவராதலின் அவர்களை வில்போல் வளைத்து நிறுத்துவர். படத்தில் அவ்வளைவு நேராகிவிடும். ஆயிரம் முகங்கள் தெளிவாகத் தெரியும். அடியிற் பட்டாளத்தின் எண் மட்டும் இருக்கும். முன்னதில் ஒரு மகன். பின்னதில் ஓர் எண். இரண்டும் ஒரே கிழமையில் ஒரே பாசறையில் எடுக்கப்பட்டிருக்கலாம்.

கால்கரி நகரை அடுத்த சார்சி பாசறையில் வீரர் தம் பட்டாள எண்களைக் கற்களால் மலைச்சரிவில் எழுதினர். 137, 113, 151, 51 என்னும் எண்கள் ஏறத்தாழ 16,000 கற்களால் அமைந்து இன்றும் நிற்கின்றன. அந்நிலம் சூட்டினா மக்களுடையது. (இப்போர்க்காலப் படங்களுள் உலகம் நன்கறிந்தது எதுவெனின், வின்னி என்னும் கரடிக்குட்டியுடன் வின்னிப்பெக் கால்நடை மருத்துவர் ஹாரி கோல்போர்ன் நிற்கும் படமே. மனிதரை மறந்து கரடியை நினைவிற் கொள்ளும் இயல்பு எந்நாட்டார்க்கும் பொதுப்போலும்.)

தேசியக் காப்பகத்தில் மற்றொரு படம் உளது. தம் மரபுடை அணிந்த தொல்குடி முதியோரும், படைச்சீருடை அணிந்த தொல்குடி இளைஞரும் ஒருங்கே அமைந்த படம். முதியோர் என்றும், இந்தியப் போர்வீரர் என்றும் கூறும் அதன் தலைப்பில் ஒருவர் பெயரும் இல்லை. நாலாயிரம் தொல்குடியினர் வரை அப்போரிற் பணிபுரிந்தனர் என்பர். கூட்டாட்சித் தேர்தலில் தொல்குடியினர் அனைவர்க்கும் தடையற்ற வாக்குரிமை கிடைத்ததோ 1960ஆம் ஆண்டில். மேலும், போரிலிருந்து மீண்ட வீரர்க்கு நிலம் வழங்கும் திட்டத்திற்காகப் புல்வெளித் தொல்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்திலிருந்தே ஏறத்தாழ 85,000 ஏக்கர் எடுக்கப்பட்டது. மீண்ட தொல்குடி வீரருள் அத்திட்டத்தாற் பயனடைந்தோர் மிகச் சிலரே. படத்தில் முதியோரும் இளைஞரும் காமிராவை நேரே நோக்குகின்றனர். அவர் முகத்தில் யாம் எதையும் ஏற்றி உரைக்க விரும்பவில்லை. ஏற்றி உரைத்தோர் முன்னரே பலர்.

1919ஆம் ஆண்டு வின்னிப்பெக்கில் ஏறத்தாழ 30,000 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சூன் 21ஆம் நாள் குதிரைக் காவற்படையினர் கூட்டத்தின்மேற் பாய்ந்து சுட்டதில் இருவர் மாண்டனர். அந்நகரத்து நிழற்படக் கலைஞர் பூட் என்பார் எடுத்த படங்களில் கூட்டம் சூழ்ந்த டிராம் வண்டியையும் பாய்ந்துவரும் குதிரைகளையும் காணலாம். திருமணங்களையும் திறப்பு விழாக்களையும் படமெடுத்துப் பிழைத்தவர் அவர். யார் பக்கமும் சாராது, கூலிக்குப் படமெடுத்த அவருடைய தகடுகளே மானிட்டோபாக் காப்பகத்தில் அந்நகரின் சிறந்த சான்றாய் நிற்பது வியப்பன்று. 1930ஆம் ஆண்டுகளின் புழுதிப்புயற் படங்களையும், எரியெண்ணெய் வாங்கப் பணமின்றிக் குதிரை பூட்டி இழுத்த மோட்டார் வண்டிகளின் படங்களையும் ஈண்டு விரித்துரைத்தற்கு இடமில்லை. பிரதமர் பென்னெட்டின் பெயரால் அவ்வண்டிகளை மக்கள் எள்ளி வழங்கினர் என்பது மட்டும் கூறி அமைவாம்.

இரண்டாம் உலகப்போரில் எடுக்கப்பட்ட ஒரு படம் மேற்கூறிய வழக்கிற்கு மாறானது. 1945 பிப்ரவரி 12ஆம் நாள் பக்கிங்காம் அரண்மனையில், பதக்கம் பெற்ற டாமி பிரின்ஸ் தம் உடன்பிறந்தார் மாரிசுடன் நிற்கும் படம் அது. மானிட்டோபாவின் புரோக்கன்ஹெட் ஒஜிப்வே குடியினர் இவர். பெயரும் ஊரும் பட்டாளமும் குறிப்புரையில் முழுமையாக உள. பெயர் இருந்தும், 1977ஆம் ஆண்டில் இறக்கும்போது இவர் வறியராகவே இருந்தார். பதக்கங்கள் கைவிட்டுப் போயிருந்தன. பல்லாண்டு கழித்து உறவினர் அவற்றை ஏலத்தில் மீட்டனர்.

கனடாவின் நூலக ஆவணக் காப்பகம் 2002ஆம் ஆண்டில் பெயர்சூட்டும் பணி ஒன்றைத் தொடங்கியது. முதலில் வடபுலத்து இனுயிட் மக்களின் படங்கள் நூனவுட் பகுதி முதியோர்க்குக் காட்டப்பட்டு, படத்திலுள்ளோர் யாவர் எனக் கேட்டெழுதப்பட்டது. 2015ஆம் ஆண்டு முதல் புல்வெளித் தொல்குடியினர் படங்களும் மெட்டியர் படங்களும் அப்பணியுட் சேர்ந்தன. முன்பு பெண்ணொருத்தி, சிறுவர் இருவர் என்று மட்டும் இருந்த இடங்களிற் பெயர்கள் ஏறுகின்றன. இழிவுபடுத்தும் பழந்தலைப்புகளை என் செய்வது என்னும் வினா ஈண்டு எழும். அவற்றை முற்றும் நீக்கிவிடல் வேண்டும் என்பாரும் உளர். பிழைபட்ட பாடத்தையும் அடிக்குறிப்பிற் காத்துவைப்பதே சுவடி பதிப்பிப்பார் முறை. சூசன் என்னும் மங்கையைக் குருதியளவால் குறித்த கை எதுவென்பதும் வரலாற்றின் ஒரு பகுதியாதலின், மெய்ப்பெயர் மேலேயும் பழந்தலைப்பு கீழேயும் நிற்றலே தக்கதென யாம் துணிகின்றோம். காலமோ குறுகியது, படத்திலுள்ளாரை நேரிற் கண்டறிந்த முதியோர் ஒவ்வோராண்டும் குறைந்து வருகின்றனர்.